அங்கம்மா அறம் பாடிய கதை

ஒரு காட்டில் ஒரே ஒரு சுனைதான் மிச்சம். காடு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், கேட்டால் அதற்கும் ஒரு படிவம் நீட்டுவார்கள். சிங்கராஜா நல்ல மனசுக்காரர். "அறம் உள்ளவர்களுக்கே தண்ணீர்" என்று உத்தரவு போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

கவுன்ட்டரில் உடும்பு. நாற்காலியை அது பிடித்திருந்த பிடியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கம்மா என்கிற முள்ளம்பன்றி இரண்டு குட்டிகளோடு வரிசையில் வந்து நின்றாள். ரெண்டு நாளாகக் குட்டிகளின் நாக்கில் ஈரமில்லை. படிவத்தில் ஒரே ஒரு கட்டம்: 'அறம் உண்டா? உண்டெனில் ஆதாரம் இணைக்கவும்.'

"நானா போய் யாரையும் குத்தினது இல்லீங்க சார்," என்றாள்.

"அதை நீங்களே சொன்னா எப்படிம்மா? அறம்னா என்னன்னு புலவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

புலவர் என்றால் ஆந்தை. பகல் தூக்கத்தைக் கெடுத்ததற்காக முறைத்தாலும், கேள்வியைக் கேட்டதும் குஷியாகிவிட்டது. "பழைய பாட்டிலே பசிச்சு வந்தவனுக்குச் சோறு போடறது அறம். அப்புறம் மனசுல அழுக்கில்லாம இருக்கறது அறம். ராஜா நியாயம் பார்த்துத் தீர்ப்புச் சொன்னா அதுவும் அறம். பின்னாடி தண்ணீர்ப் பந்தல் வெச்சாலே அறம்னாங்க."

அத்தனையையும் எழுதி வாங்கிக்கொண்டு ஓடினாள் அங்கம்மா. உடும்பு எண்ணிப் பார்த்தது. "நாலு இருக்கேம்மா. இங்கே ஒரு கட்டம்தானே இருக்கு? ஒண்ணா மாத்தி வாங்கிட்டு வாங்க."

சின்னக் குட்டி அங்கேயே படுத்துவிட்டது. அங்கம்மா பெரியதைக் காவலுக்கு வைத்துவிட்டு மறுபடி ஆந்தையிடம் போய் அழுதாள்.

ஆந்தை தலையைச் சொறிந்தது. "ஒண்ணைச் சொல்ல மறந்துட்டேன். இல்லேன்னு விரட்டின பிரபு மேல அந்தக் காலத்துப் புலவருங்க அறம் பாடுவாங்களாம். பேரை வெச்சுப் பாடினா, பாட்டு முடியறதுக்குள்ள ஆள் காலி."

"நிஜமாவா?"

"யாருக்குத் தெரியும்? பாடட்டும் பார்க்கலாம்னு எந்தப் பிரபுவும் உட்கார்ந்திருக்கலை."

அங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கட்டத்தில் 'உண்டு, இங்கேயே பாடிக் காட்டப்படும்' என்று எழுதி நீட்டினாள். தொண்டையைக் கனைத்தாள்.

"சார், உங்க பேரு? முழுப் பேரா சொல்லுங்க, இனிஷியலோட. பாட்டுல சேர்க்கணும்."

உடும்பு நாற்காலியை விட்டது. காட்டு வரலாற்றிலேயே முதல் தடவை. "அட, எதுக்கும்மா பாட்டெல்லாம்? புள்ளைங்களைக் கூட்டிட்டு உள்ள போங்க முதல்ல."

மூன்று பேரும் வயிறு முட்டக் குடித்தார்கள். சின்னது எழுந்து நின்று அம்மாவின் முள்ளைக் கடித்தது.

வரிசையில் முதல் டோக்கன் வைத்திருந்தது ஒரு புள்ளிமான். புல்லிடமே அனுமதி கேட்டுவிட்டு மேய்கிற ஜாதி. வெளியே வந்த அங்கம்மா அதன் காதில், "உனக்குப் பாட வருமா?" என்று கேட்டாள்.

"சேச்சே, அடுத்தவங்க மனசு நோகுமே," என்றது மான். இன்னும் அங்கேதான் நிற்கிறது.

நீதி: அறம் செய்தால் டோக்கன் கிடைக்கும், தண்ணீர் வேண்டுமானால் தொண்டையைக் கனைக்கவும்.