மன்னர் வருத்தப்பட்டார்

"பிரதமர் கேக்கிறாரா? கேக்கட்டும். அவரையே லைன்ல வரச் சொல்லு. நீ எதுக்கு நடுவுல?"

இதற்கு முன் அந்த ஆள் சொன்னதை அச்சில் போட முடியாது. பெரியக்கா அதையும் காதில் வாங்கிக்கொண்டே பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். திட்டுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில்தான் குடிக்க முடியும். யார் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

"உங்க குறையைச் சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்."

"என் குறையே அவர்தான். எழுதிக்கோ."

போனை வைத்துவிட்டார்.

பெரியக்கா வேலை பார்த்தது பிரதமரின் குறைகேட்பு மையத்தில். நாலாவது மாடி, ஜன்னல் இல்லாத நீளமான அறை, ஆளுக்கு ஒரு மேஜை, ஆளுக்கு ஒரு ஹெட்செட். ஊரிலுள்ள சுவர்களிலும் பேருந்துகளின் முதுகிலும் பிரதமர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்புக்குக் கீழே இந்த அறையின் தொலைபேசி எண். யார் கூப்பிட்டாலும் முதலில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "வணக்கம். உங்கள் பிரதமர் கேட்கிறார், சொல்லுங்கள்."

அவர் பதவிக்கு வந்த புதிதில் இந்த வாக்கியத்தைக் கேட்டு, நம்ப முடியாமல் மறுபடி சொல்லச் சொன்னவர்கள் உண்டு. சிலர் குறையைச் சொல்ல மறந்து, நன்றி மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். இப்போதெல்லாம் 'பிரதமர்' என்ற சொல் முடிவதற்குள் வசவு ஆரம்பித்துவிடுகிறது. கடைசியில் ஓர் இயந்திரக் குரல், திருப்தி என்றால் ஒன்றை அழுத்தவும், இல்லையென்றால் இரண்டை அழுத்தவும் என்று சொல்லும். மக்கள் இரண்டை அழுத்துகிற வேகத்தில் பொத்தான் உள்ளேயே போயிருக்க வேண்டும்.

"இந்த மாசமும் இப்படியே போச்சுன்னா மையத்தை மூடிடுவாங்கம்மா" என்றார் கண்காணிப்பாளர். வயிற்றுப் புண்காரர். பேசும்போதே ஒரு மாத்திரையை மென்றுகொண்டிருந்தார். "ஆளுக்கு ஒரு ஊரா தூக்கி அடிப்பாங்க. பார்த்துக்கோங்க."

பெரியக்காவால் வேறு ஊருக்குப் போக முடியாது. வீட்டில் முழங்கால் மடங்காத கணவர், அவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். அவருக்கு மேல் மாமியார். அவளுடைய சம்பளத்தில்தான் வீடு நின்றுகொண்டிருந்தது.

அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். 'பிரதமர்' என்பதை மட்டும் வாய்க்குள் மென்று விழுங்கினாள்.

"வணக்கம், உங்கள் ப்ரம்ர் கேட்கிறார்."

"யாரு?"

"ப்ரம்ர்."

"தெளிவாத்தான் சொல்லேன். எதுக்கு வெக்கப்படுற?"

சொன்னாள். வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஏமாற்றப் பார்த்தாள் என்று கூடுதலாகவும் கிடைத்தது.

அடுத்து அந்த வாக்கியத்தையே விட்டுவிட்டு, "வணக்கம், சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள். காது மந்தமான ஒரு பெண்மணி பேசினாள். அவள் தெருவில் விளக்கு எரியவில்லை.

"நீங்க எங்கேருந்தும்மா பேசுறீங்க?"

பெரியக்கா மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள்.

"என்னது? அரண்மனையா?"

மத்தியானம். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. இல்லை என்று சொன்னால் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டும். பெரியக்காவுக்கு அலுப்பாக இருந்தது.

"ஆமா" என்றாள்.

பிறகு வந்த குரல் வேறொருத்தியின் குரல்போல இருந்தது. "மன்னிச்சுக்கோங்க. உக்காந்துக்கிட்டே பேசிட்டேன். இருங்க, எழுந்துக்கிறேன்."

அந்த நாட்டில் மன்னர் என்று ஒருவர் இருந்தார். இருந்தார், அவ்வளவுதான். தபால்தலையில் இருப்பார். வருடத்துக்கு ஒருமுறை சபையைத் தொடங்கிவைக்க வந்து, பிரதமர் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டுப் போவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே நினைத்திருந்தார்கள்.

காது மந்தப் பெண்மணி ஒன்றை அழுத்தினாள். அந்த மாதத்தில் பெரியக்கா பார்த்த முதல் ஒன்று அதுதான்.

கொஞ்ச நாள் கழித்து அவளே மறுபடி கூப்பிட்டாள். "மன்னர்கிட்ட சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன்." இதற்குமேல் பின்வாங்க முடியாது.

"என்ன சொன்னார்?"

பெரியக்கா மேஜையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "வருத்தப்பட்டார்" என்றாள்.

"ஐயோ பாவம். வயசானவர் மனசைக் கஷ்டப்படுத்திட்டேனே. விடுங்கம்மா, விளக்கு இல்லாட்டி என்ன, வீட்ல டார்ச் இருக்கு."

பக்கத்து மேஜைக்காரர் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து விலக்கி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பருத்த மனிதர். திட்டு ஆரம்பித்ததும் இருமிக்கொண்டே லைனைத் துண்டித்துவிடுவதால் அவருக்கு 'கட்' என்று பெயர்.

"பெரியக்கா, நானும் வருத்தப்பட வைக்கட்டுமா?"

"யாரை?"

"மன்னரைத்தான்."

"வேணாம். மாட்டிக்குவோம்."

சாயங்காலத்துக்குள் கட் மாட்டிக்கொள்ளாமல் வேலையை முடித்திருந்தார். அந்த வாரத்துக்குள் அறை முழுக்க அரண்மனை ஆகிவிட்டது. மன்னர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருத்தப்பட்டார் என்பதற்குக் கணக்கே இல்லை. ஓரத்து மேஜைப் பெண், உடைந்த பாலத்தைப் பற்றிக் கேட்ட மன்னர் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு வெறும் வருத்தத்துக்கு மதிப்பு குறைந்துபோனது. கட் தன் பங்குக்கு அவரைச் சாப்பிடாமல் இருக்க வைத்தார்.

குறைகள் வழக்கம்போல அதே துறைகளுக்குப் போயின. வழக்கம்போல அங்கேயே கிடந்தன. ஆனால் எல்லாரும் ஒன்றை அழுத்தினார்கள். கண்காணிப்பாளர் மாத்திரையை நிறுத்திவிட்டார். காரணம் என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி மாத்திரை போட வேண்டிவரும் என்று அவர் வயிற்றுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் பிரதமரே சபையில் எழுந்து நின்று, தன் மையத்தைக் கூப்பிடுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் திருப்தியாக இருப்பதாக மார்தட்டினார். அதே நாள் சாயங்காலம் தொலைக்காட்சிக்காரர்கள் தெருவில் இறங்கி, யாரை நம்புகிறீர்கள் என்று மக்களைக் கேட்டார்கள். பிரதமரை நம்புகிறவர் ஒருவரைத் தேடிப் பிடிக்க அவர்கள் ரொம்ப தூரம் நடந்தார்கள். கிடைத்தவரும் அவருடைய சகலை.

"மன்னர் கையிலேயே எல்லாத்தையும் கொடுத்துடலாம்" என்றார் ஒரு கடைக்காரர். "என் சாக்கடைக்காக அந்த மனுஷன் சாப்பிடலையாம்."

பெரியக்கா அதை வீட்டில் பார்த்தாள். கணவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். போன தேர்தலில் இதே பிரதமருக்காக அந்தக் காலோடு படியேறி வீடு வீடாகத் துண்டுச்சீட்டு கொடுத்தவர்.

"நீங்களுமா மன்னர் கட்சி?" என்று கேட்டாள்.

"கட்சியெல்லாம் இல்லை. அந்த ஆள் இதுவரைக்கும் சொந்தமா வாயே திறக்கலை. அதனால சொன்ன சொல் மாறலை. இப்ப அது போதும்னு தோணுது."

அடுத்த நாள் பிரதமர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டு, மூடிய அறையில் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டார். பிறகு பெரியக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"இது உங்க குரலா?"

"ஆமா சார்."

"எங்கேருந்து பேசுறீங்கன்னு சொல்றீங்க?"

"அரண்மனைலேருந்து."

"உண்மையிலேயே எங்கேருந்து பேசுறீங்க?"

"மூணாவது மேஜைலேருந்து சார்."

அதிகாரி கண்களைக் கசக்கிக்கொண்டார். அவரும் சரியாகத் தூங்கி ரொம்ப நாள் ஆனவர்போல இருந்தார். பெரியக்கா தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப மனதளவில் தயாராகிவிட்டாள்.

"பிரதமர் சபையில அடிச்சுச் சொல்லிட்டார். இப்பப் போய் அது தப்புன்னா அவரை யாரும்மா நம்புவாங்க?"

இப்ப யார் சார் நம்புறாங்க என்று கேட்க வந்ததை அவள் விழுங்கினாள்.

"இப்படியே தொடர்ந்து செய்ங்க" என்றார் அதிகாரி. "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அரண்மனை வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்ததும் அதே அதிகாரி மூச்சிரைக்கப் போன் செய்தார். உடனே பழையபடி பிரதமர் பெயரைச் சொல்ல வேண்டுமாம். சொன்னார்கள்.

"நீ எதுக்கு வந்தே? அரண்மனைக்குப் போடு" என்றார்கள் மக்கள்.

எல்லாரும் இரண்டை அழுத்தினார்கள். கண்காணிப்பாளர் மாத்திரை வாங்க ஆள் அனுப்பினார். அதிகாரி ஒரு ராத்திரி யோசித்து, இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு வாக்கியம் எழுதி அனுப்பினார்: "அரண்மனையின் வேண்டுகோளை ஏற்று, உங்கள் பிரதமர் கேட்கிறார்."

"பார்த்தியா" என்றார் கூப்பிட்ட முதல் ஆள். "மன்னர் சொன்னாத்தான் இவருக்குக் காதே கேக்குது."

மறுநாள் அந்த வாக்கியம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கூட்டம் இரண்டு மடங்கானது. அதிகாரி போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். என்ன சொல்வது என்று யாரும் சொல்லாததால் எல்லாரும் தங்களுக்குப் பழகிப்போன அரண்மனைக்கே திரும்பினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பெரியக்காவின் லைனில் மாமியார் வந்தாள்.

"அரண்மனைங்களா?"

பெரியக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலைக் கொஞ்சம் மேலே ஏற்றி, மூக்கு வழியாகவும் விட்டாள். "ஆமாங்க. சொல்லுங்க."

"என் மருமக விஷயம்."

"என்ன செய்றாங்க?"

"ஒண்ணும் செய்யலை. நல்லவதான். காலைல வேலைக்குப் போறா, சாயங்காலம் வர்றா. வந்து சுவத்தைப் பார்த்து உக்காந்துக்கிறா. ஒரு வார்த்தை பேசுறதில்லை. என் பையன் டிவியைப் பார்க்கிறான், இவ சுவத்தைப் பார்க்கிறா. எனக்குப் பேச ஆளே இல்லை."

கட் எதற்கோ இருமினார். பெரியக்காவுக்கு அந்தச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

"இதுக்கு மன்னர் என்னம்மா செய்ய முடியும்?"

"செய்ய வேணாம். கேட்டாப் போதும். வருத்தப்படுவாராமே."

"படுவாருங்க" என்றாள் பெரியக்கா. "கண்டிப்பாப் படுவார்."

அன்று வீட்டுக்குள் நுழைந்ததுமே மாமியார் ஆரம்பித்தாள். "அரண்மனைக்குப் பேசினேன். என்ன மரியாதை, என்ன குரல். நீயும்தான் என்னவோ போன்ல பேசுற வேலைங்கிறே."

பெரியக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. காலையிலிருந்து மன்னருக்காகப் பேசிய தொண்டை. சுவர் பக்கம் இருந்த நாற்காலியை இழுத்து மாமியார் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டீங்களா அத்தை?" என்றாள்.

மாமியார் மகனைத் திரும்பிப் பார்த்தாள். "பாருடா. காலைலதான் சொன்னேன். அதுக்குள்ள நடவடிக்கை எடுத்துட்டார்."

அன்று ராத்திரி பெரியக்காவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் ஒரு முடிவோடு வேலைக்குப் போனாள்.

"வணக்கம்" என்றாள் முதலில் கூப்பிட்டவரிடம். "நான் அரண்மனையும் இல்லை, பிரதமரும் இல்லை. இங்க வேலை பார்க்கிறவ. நீங்க சொன்னா எழுதி அனுப்புவேன். அவங்க பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம்."

"அரண்மனைன்னே சொல்லிடுங்கம்மா. பொய்யா இருந்தாலும் பரவாயில்லை. நீங்க சொல்ற உண்மையை வெச்சு நான் என்ன செய்றது?"

அடுத்தவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். அதற்கடுத்தவள் அழுதாள். மத்தியானத்துக்குள் பெரியக்கா உண்மையைக் கைவிட்டாள்.

வேலை முடிகிற நேரம். பையைத் தோளில் மாட்டியிருந்தாள். ஹெட்செட்டைக் கழற்றப் போகும்போது இன்னொரு அழைப்பு வந்தது. வயதான ஆண் குரல், நிதானமாகப் பேசியது.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். சுவர்ல இருந்த நம்பரைப் பார்த்துப் பேசுறேன். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை. எங்க வீட்ல கொஞ்ச நாளா தண்ணி வரலை. வாசல் வேற ஒரே கூட்டமா இருக்கு, வெளியே போய்க் கேக்கவும் முடியலை."

திட்டாமல் பேசியதே பெரியக்காவுக்கு இதமாக இருந்தது. தன்னிடமிருந்த கடைசித் துளிக் கனிவையும் திரட்டிக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்க ஐயா. அரண்மனைலேருந்து பேசுறேன். மன்னர் காதுல இன்னிக்கே போட்டுடறேன்."

அதே நிதானத்தோடு குரல் சொன்னது:

"காதுல விழுந்துடுச்சும்மா. நீங்க அரண்மனைல எந்தப் பக்கம் இருக்கீங்க? அங்கேயாவது தண்ணி வருதா?"