பஞ்சர் பாய் பார்த்த பள்ளிக்கூடங்கள்

திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படிகள். எங்கள் பஞ்சர் பாய் மகளுக்காக ஏறி இறங்கிய பள்ளிக்கூடப் படிகள் அதைவிட அதிகம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தே கை ஓய்ந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

என் அலுவலகத்துக்கு எதிரே அவர் பஞ்சர் கடை. மகள் ஷமீமா மூன்றாம் வகுப்பு. எட்டாம் வகுப்புக் கணக்கை விரல் மடக்காமல் போடுவாள். "மத்த புள்ளைங்கள எழுத வுடாம பதில சொல்லிடுது" என்று டீச்சர் அவளைத் தினமும் வராந்தாவில் உட்கார வைத்தார். பாயின் படையெடுப்பு அப்படித்தான் தொடங்கியது.

பள்ளிக்கூடத்தை எடைபோட அவர் வைத்திருந்த வழியே தனி. ஆபீஸ் ரூமுக்குப் போகமாட்டார். நேராகப் பள்ளி வேன் பக்கம் போய்க் குனிந்து டயரைத் தடவுவார்.

"டயர மொட்டையா வுட்டவன் புள்ளைங்கள எப்படி சார் பாத்துப்பான்?"

பள்ளிப்பட்டில் ஒரு பிரின்சிபால், ரிப்பேருக்கு வந்த ஆள் என்று நினைத்து ஸ்டெப்னி மாற்றச் சொல்லிவிட்டார். பாய் மாற்றிக்கொண்டே பேட்டி எடுத்தார்.

"எம் பொண்ணு கேள்வி கேட்டுகினே இருப்பா. பதில் சொல்வீங்களா?"

"சிலபஸ்ல இருந்தா சொல்வோம்."

போல்ட்டை முறுக்கிவிட்டு வெளியே வந்துவிட்டார். அரக்கோணத்தில் சீட் கொடுக்கும் முன்பே விளம்பர பேனருக்குக் குழந்தையின் போட்டோ கேட்டார்கள். அதுவும் சரிப்படவில்லை.

கடைசியில் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒன்று தேறியது. வேனுக்கு நாலு டயரும் புத்தம் புதுசு. நுழைவுத் தேர்வில் ஷமீமா சுமாரான மார்க்தான். ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள். பாய்க்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்ல சார். கிளாஸ் உள்ளதான் உக்காந்துகினு கீறா."

எனக்கு அந்தச் சுமாரான மார்க் உறுத்தியது. ஒரு சாயங்காலம், பாய் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவளிடமே கேட்டேன்.

"எல்லாம் தெரிஞ்சா வெளிய உக்கார வெப்பாங்க அங்கிள். அதான் பாதி தப்பா எழுதினேன். இப்பவும் அப்படித்தான் எழுதறேன். அப்பாகிட்ட சொல்லாதீங்க, பாவம்."

எட்டு வயதில் ஒரு குழந்தை மக்காக நடிக்கப் பழகிவிட்டாள்.

ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். முடியவில்லை, சொல்லிவிட்டேன். பாய் கையிலிருந்த ட்யூபைக் கீழே வைத்தார்.

"ஊர்ல கீற வேனெல்லாம் பாத்தேன் சார். எம் பொண்ணு நோட்ட ஒரு நாளு தொறந்து பாக்கலியே."

அதுவரை அவரைக் கிண்டல் செய்தே பொழுதைக் கழித்தவன் நான். மறுநாள் லீவு போட்டு, அவரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் பக்கம் பள்ளிக்கூடம் பார்க்கப் போனேன். அமையவில்லை. அடுத்த வாரம் வேலூர். அங்கும் இல்லை.

இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். கிடைக்குமா என்று தெரியாது. ஆனால் அந்த மனிதரைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரமாட்டேன் என்கிறது.