முதல் தள்ளு தள்ளுபடி

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலம் தலைநிமிர்ந்த இடம், இரண்டாம் மாடி வீடொன்றின் முன்னறை. தானே ஓடி, தானே மின்சாரம் தயாரித்து, அந்த மின்சாரத்தைத் தானே தின்று, மறுபடியும் தானே ஓடுகிற ஜெனரேட்டர் அங்கேதான் அவதரித்தது. உலகம் இதை இன்னும் கவனிக்கவில்லை. உலகத்துக்கு எப்போதுமே விவரம் போதாது.

அவதாரத்துக்குக் காரணமானவர், காகித ஆலையொன்றின் கிடங்கில் கண்காணிப்பாளர். செல்போனில் ஒரு காணொளியை முழுவதுமாகப் பார்த்து முடித்ததிலிருந்து அவர் 'விஞ்ஞானி' ஆகிவிட்டார். அந்தப் பட்டத்தை அவருக்கு வழங்கியவரும் அவர்தான். ஜெனரேட்டருக்குரிய அடிப்படைத் தகுதி அவரிடமே இருந்தது.

அவருடைய மனைவிக்கு அந்த யந்திரத்தை உற்றுப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அதன் உறுப்புகள் எல்லாம் அவளுக்கு நெடுநாள் பழக்கம். சக்கரமும் டைனமோவும் மகளின் பழைய சைக்கிளுடையவை. பெல்ட், அவளுடைய தையல் மெஷினிலிருந்து வந்தது. நடுநாயகமாக வீற்றிருந்த மோட்டார், வாஷிங் மெஷினின் வயிற்றிலிருந்து அறுவைச் சிகிச்சை மூலம் எடுக்கப்பட்டது. "ரெண்டே நாள்ல மாட்டிக் குடுத்துடறேன்" என்றுதான் எடுத்தார். அறிவியலில் நாள் என்பது வேறு அளவு போலிருக்கிறது. அன்றிலிருந்து போர்வையையும் திரைச்சீலையையும் அவள் கையால் கசக்கிக்கொண்டிருந்தாள். தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. அவளுக்கு அந்த மோட்டார் திரும்ப வேண்டும்.

ஜெனரேட்டரின் தத்துவம் எளிமையானது. மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் டைனமோவைச் சுழற்றும். டைனமோ மோட்டாருக்கு மின்சாரம் ஊட்டும். நீ எனக்கு, நான் உனக்கு. மிச்சம் மீதி மின்சாரத்தில் ஒரு பல்பு எரியும். வெளியாள் யாருக்கும் வேலை இல்லை. தொடக்கத்தில் மட்டும் யாராவது சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ள வேண்டும். அதற்கு 'முதல் தள்ளு' என்று விஞ்ஞானி பெயர் சூட்டியிருந்தார். ஆற்றல் கணக்கில் முதல் தள்ளு சேராது. அது தள்ளுபடி.

தள்ளும் பொறுப்பு மனைவியுடையது. அவள் தள்ளினால் சக்கரம் சுற்றும். பல்பு மினுக்கென்று விழிக்கும். சுற்று தளர்ந்தால் விஞ்ஞானி தலையைத் திருப்பாமலே, "இன்னொரு முதல் தள்ளு" என்பார்.

இந்த யந்திரம் உண்மையில் ஓடுமா, ஓடாதா என்று தீர்மானிக்க ஞாயிற்றுக்கிழமை 'உயர்நிலை ஆய்வுக் குழு' கூடியது. எதிர்வீட்டு இயற்பியல் வாத்தியார் ஓர் உறுப்பினர். இன்னொருவன் மனைவியின் தம்பி, காப்பீட்டு முகவர். ஓடும் என்று குழு முடிவெடுத்தால், உடனடியாகப் 'பெரிய மாடல்' தொடங்கும். அதற்கு, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைக் கழற்றுவதாக ஏற்பாடு. ஸ்பானர் மேசைமேல் தயாராகப் படுத்திருந்தது. அப்புறம் தண்ணீர் எப்படி மேலே வரும் என்பது நிகழ்ச்சி நிரலில் இல்லை. அது வாளியில் வரும் என்பதும், வாளி யார் கையில் வரும் என்பதும் மனைவிக்குத் தெரியும். அவள் வாத்தியாரையே மலைபோல நம்பியிருந்தாள்.

வாத்தியார் ஏமாற்றவில்லை. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். உராய்வு, இழப்பு, வெப்பம் என்று வரிசையாகச் சாட்சிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். "குண்டுச் சட்டியில குதிரை ஓட்டுங்க சார், வேணாங்கல. ஆனா குதிரைக்குப் புல்லாவது போடணுமில்ல?" என்று முடித்தார். மனைவிக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. கை சக்கரத்தில் இருந்தது.

தம்பி நடுநிலை வகித்தான். அதாவது, அத்தான் பக்கம். ஓடுமோ ஓடாதோ, இதைக் காப்பீடு செய்துவிடலாம். பெட்ரோலே இல்லாததால் தீப்பிடிக்கும் ஆபத்து கிடையாது என்று தொழில்முறைக் கருத்துத் தெரிவித்தான். அக்காவின் பார்வையைக் கண்டதும் பிஸ்கட்டை ஆராயத் தொடங்கினான்.

விவாதம் சூடேறியது. விஞ்ஞானி தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றார். வாத்தியார் நான்காவது காலைத் தேடித் தேடிக் காட்டினார். இதற்கிடையே சக்கரம் தளர்வதற்குள் சமையலறைக்கு ஓடி, தேநீர்க் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்து, இரண்டாவது சுற்றுக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, மறுபடியும் முதல் தள்ளு தள்ளினாள் மனைவி. குழு இதைக் கவனிக்கவில்லை. குழுவின் கண் பல்பின் மீதிருந்தது.

கடைசியில் வாத்தியார் சவால் விட்டார். "எந்த ஆற்றலும் உள்ள போகாம, காலம் பூரா தானா ஓடுற ஒரே ஒரு பொருளைக் காட்டுங்க. நான் வாயை மூடிக்கறேன்."

விஞ்ஞானி புன்னகைத்தார்.

"என் வீடு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்ல. தட்டுல சோறு வருது, துணி மடிஞ்சு அலமாரில வந்து உக்காருது. ஓடலையா?"

வாத்தியார் வாயைத் திறந்தார். காலையில் தன் வீட்டு நாற்காலியில் தானாகத் தோன்றியிருந்த இஸ்திரிச் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். வாயை மூடினார்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் சார் ஓடுது" என்றார் மெல்ல.

இயற்பியல் அந்த இடத்தில் முடிவுக்கு வந்தது. 'ஓடும்' என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. விஞ்ஞானி ஸ்பானரை எடுத்தார்.

பல்பு அணைந்தது.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். சக்கரம் அசையாமல் நின்றது. மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விஞ்ஞானியின் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒரு முதல் தள்ளு" என்றார் விஞ்ஞானி.

"எதுக்குங்க? அதான் ஓடும்னு முடிவாயிடுச்சே."

சமையலறையிலிருந்து பால் பொங்கி வழியும் சத்தம் வந்தது. மூவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் காலை நீட்டிக்கொண்டாள்.

"அடுப்புல பால் இருக்கு. வாளியில உங்க சட்டையெல்லாம் ஊறுது. தானா ஓடுற வீடுதானே! எப்படித்தான் ஓடுதுன்னு இன்னிக்கு ஒரு நாள் நானும் உக்காந்து பாக்கறேன்."