மைக் அண்ணனுக்கு மௌனமா?

அக்கா பெற்ற செல்வமும், வானொலி நிலையத்தின் விளையாட்டுப் பிரிவைத் தனியொருவனாகத் தோளில் சுமப்பவனுமான என் மருமகனுக்கு, மாமன் ஆசிகளோடு எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம். நீயும் சுகமாக இருப்பதாகத்தான் நேற்று உன் சுற்றறிக்கை வரும்வரை நம்பியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆட்டம் தொடங்குமுன், மறைந்த வர்ணனையாளர் மைக் அண்ணனுக்காக வர்ணனை அறையில் ஒரு நிமிட மௌன அஞ்சலியாம். ஸ்டாப்வாட்சைப் பிடிக்க வேண்டியவன் நானாம். அடேய், இருபத்திரண்டு வருடம் அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதிக் கொடுத்தவன் சொல்கிறேன், அவர் சேர்ந்தாற்போல் ஒரு நிமிடம் வாய் மூடியதே இல்லை. ஒருமுறை தண்ணீர் புரையேறி நாலு விநாடி நிறுத்தினார், ஊரில் பாதிப் பேர் ரேடியோவைத் தட்டினார்கள், மீதிப் பேர் பேட்டரி வாங்க ஓடினார்கள். மழையில் மூன்று மணி நேரம் ஆட்டம் நின்றபோது, மைதானத்துக்குள் வந்த ஒரு நாயை வைத்தே ஒப்பேற்றினார். அந்த நாய் வெளியேறியபோது நாடே எழுந்து நின்று கைதட்டியது, பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் பொறாமையில் அன்று சாப்பிடவில்லை.

சலவைச் சீட்டு விவகாரம் உனக்குத் தெரியாது. ஒருநாள் ஸ்கோர் சீட்டு என்று நினைத்து, சட்டைப் பையிலிருந்த சலவைக் கடைச் சீட்டை அவர் கையில் நீட்டிவிட்டேன். வேறொருவராக இருந்தால் என் பிழைப்பு அன்றோடு முடிந்திருக்கும். அவரோ கண்ணைக்கூட இமைக்காமல், “ஆறு சட்டை, ரெண்டு போர்வை, தலையணை உறை ஒண்ணு, அதுவும் கிழிசல். நேயர்களே, நம்ம பேட்டிங் நிலவரமும் அதேதான்” என்று வாசித்துவிட்டு, சீட்டின் பின்பக்கம் கிறுக்கித் திருப்பிக் கொடுத்தார்: ‘அடுத்த தடவை பனியனையும் சேர்த்து எழுது, ஸ்கோர் கூடும்.’

இப்பேர்ப்பட்டவருக்கு மௌனமா? போனில் கேட்டால், “எல்லாருக்கும் செய்ற மரியாதைதானே மாமா, இதுல போய் வம்பு பண்ணாதீங்க” என்கிறாய். எல்லாருக்கும் செய்வதை அவருக்கு எதற்குடா செய்ய வேண்டும்? அந்த ஒரு நிமிடத்தில் நான் அந்தச் சலவைச் சீட்டை மைக்கில் வாசிக்கப் போகிறேன். மைக்கைப் பிடுங்கு, ஜன்னலைத் திறந்து கத்துவேன். ஜன்னலைச் சாத்து, கூரைமேல் ஏறுவேன். வேலையிலிருந்து தூக்கு, வர்ணனை அறைப் படியேறித் தேய்ந்த என் முழங்கால் உன்னை வாழ்த்தும். ஆனால் அந்த மனிதரைச் சத்தமில்லாமல் வழியனுப்ப, இந்தக் கட்டையில் உயிர் இருக்கும்வரை விடமாட்டேன்.

உன் வீட்டார் அனைவரும் பல்லாண்டு வாயாடி வாழ வாழ்த்தும்,
அடங்காத உன் மாமன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் ஓர் ஒத்திகை பார்த்தேன். உன் அத்தை ஸ்டாப்வாட்சைப் பிடித்தாள். ஆறு சட்டை வரைக்கும் வந்துவிட்டேன். போர்வைக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாக, “நிமிஷம் ஆயிடுச்சுங்க” என்றாள். ஆகையால் மருமகனே, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. மௌனமே இருக்கட்டும். ஆனால் ஒரு நிமிடம் போதாது, இரண்டாகப் போடு.