கெட்டிமேளத்தோடு ஒரு முக்கோணம்

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்குக் கண்ணில் ஒரு கோளாறு உண்டு. மூஞ்சியைத் தவிர உலகத்தில் வேறெதுவும் அவனுக்குத் தெரியாது. பந்தல் தீப்பிடித்தால்கூட எரிகிற பந்தலை எடுக்க மாட்டான். அதைப் பார்த்து அலறுகிற பெரியம்மாவைத்தான் எடுப்பான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொன்னதே அதுதான். "பாக்கற பொருளை எடுக்காதடா சம்பத்து, பாக்கற மூஞ்சிய எடு." நான் மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். படித்தது அந்த ஒரு பாடம்தான் என்பதால் பத்திரமாக வைத்திருந்தேன்.

அதற்கு முன்னால் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டிக்கொண்டிருந்தேன். நான் ஒட்டியது எதுவும் ஒட்டவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

சம்பவம் நடந்தது ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் ஓர் ஊரில். (ஊர் பேரு வேணாம். டீச்சர் இன்னும் அங்கதான் இருக்காங்க. ட்ரில் மாஸ்டரோட சம்சாரமும் இருக்காங்க.) வீட்டுக்கு வீடு சி.டி. பிளேயர் வந்துகொண்டிருந்த காலம். ஊரில் நகராட்சிப் பள்ளிகள் நாலு. கணக்கு டீச்சர் ஒரே ஒருத்தர், கிரேஸ் டீச்சர். மற்ற மூன்று பள்ளிகளில் கணக்கு பீரியடில் பிள்ளைகள் புளியமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சருக்கு ஒரு யோசனை. தன் பாடத்தை வீடியோ எடுத்து சி.டி. போட்டு, நாலு பள்ளிக்கும் கொடுத்துவிடுவது. முதல் பாதி பீரியட் டீவியில் டீச்சர் நடத்துவார். மீதிப் பாதியில் அந்தப் பள்ளியில் இருக்கிற எந்த வாத்தியாராவது உட்கார்ந்து கணக்குப் போட வைப்பார். இதற்கு இப்போது என்னென்னவோ பெரிய பெயர் சொல்கிறார்கள். அன்றைக்கு நாங்கள் வைத்த பெயர் 'பாதி டீவி, பாதி வாத்தியார்'.

டீவி வாங்கித்தர ஒரு ஹாஜியார் ஒப்புக்கொண்டிருந்தார். தோல் வியாபாரி. ஒரு ஆட்டுத்தோலைக்கூட நாலு பக்கமும் புரட்டித் தடவிப் பார்க்காமல் வாங்காதவர். "மொதல்ல ஒரு டீவி தர்றேன். போட்டுக் காட்டுங்க. நல்லாருந்தா மீதி மூணும் வரும்" என்று சொல்லியிருந்தார்.

டீச்சர் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அவர் தம்பி கல்யாணத்தைச் சர்ச்சில் நான்தான் எடுத்தேன். அவர் அம்மா கண்ணீர் விட்டதை ஒரு சொட்டு சிந்தாமல் பிடித்திருந்தேன். இரண்டாவது, அது ஆடி மாதம்.

"முகூர்த்தமே இல்ல, சும்மாதானே இருக்கே?" என்றார்.

"சும்மால்லாம் இல்ல டீச்சர், லென்ஸ் தொடச்சிட்டிருக்கேன்."

"சம்பத், இது வெளையாட்டு இல்லப்பா. இது சரியா வரலைன்னா ஹாஜியார் டீவி தரமாட்டார். டேனரி தெரு ஸ்கூல்ல பத்தாவது பசங்க இந்த வருஷமும் கணக்கு டீச்சர் மூஞ்சியே பாக்காம பரீட்சைக்குப் போவாங்க."

"மூஞ்சிதானே டீச்சர்? கவலைய வுடுங்க" என்றேன்.

படப்பிடிப்பு அன்றைக்கு டீச்சர் புதுப்புடவையில் வந்திருந்தார். பிள்ளைகளை அடக்கி வைக்க ட்ரில் மாஸ்டர் ஓரமாக, விசிலோடு நின்றார். பாடம் முக்கோணம். அதன் மூன்று கோணத்தையும் கூட்டினால் ஒரு நேர்கோட்டில் வந்து நிற்கும் என்று நிரூபிக்கப் போகிறார். (யார் கேட்டாங்க, யாருக்குச் சந்தேகம்னு எனக்குத் தெரியல.)

லைட்டைப் போட்டதும் முதல் தொந்தரவு, அந்தக் கரும்பலகை. பின்னாடி இவ்வளவு கறுப்பாக ஒரு பொருளை வைத்துக்கொண்டு எவனாவது படம் எடுப்பானா? நான் கேமராவை நைசாக ஒதுக்கி, டீச்சர் முகத்தை நிரப்பினேன். அவர் பலகைப் பக்கம் திரும்பினால் முதுகு விழுந்தது. கல்யாணப் பெண் முதுகை எடுத்தால் சம்பந்தி வீடே அடிக்க வரும். ஆகவே அவர் எழுதத் திரும்பும்போதெல்லாம் நான் பிள்ளைகள் பக்கம் போனேன். ரெட்டைச்சடை, கனகாம்பரம், கொட்டாவி, முன்பெஞ்சுப் பையன் பென்சிலைக் கடிப்பது, ஓரத்தில் விசிலோடு ட்ரில் மாஸ்டர். அழகான அழகான மூஞ்சிகள்.

"டீச்சர், சாக்பீஸை எடுத்தீங்களே, இன்னொரு வாட்டி எடுங்க. மெதுவா. லைட்டா சிரிச்சுக்கினு."

"சாக்பீஸ் எடுக்கறதுக்கு எதுக்குப்பா சிரிக்கணும்?"

"மாலை எடுக்கறப்போ சிரிக்கறாங்க இல்ல?"

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் சிரித்தார். தொழில் தெரிந்தவன் சொல்கிறான் என்று நினைத்திருப்பார், பாவம்.

வேலூரில் கொடுத்து மிக்ஸிங் செய்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவன், "இன்னா மாடல் வேணும்ணா?" என்று கேட்டான். "நம்ப ஸ்பெஷல் போடு, பள்ளிக்கூடத்துக்குப் போவுது" என்றேன். கையை விட்டுச் செலவு செய்து போட்டேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஹாஜியார் வந்த நாள். வகுப்பறையில் டீவிக்கு மாலை போட்டிருந்தது. (அந்த யோசனையும் என்னுதுதான்.) முன்வரிசையில் ஹாஜியார், ஹெட்மாஸ்டர், கிரேஸ் டீச்சர். பின்னால் ட்ரில் மாஸ்டரும், பாடத்துக்கு வந்த அதே பிள்ளைகளும். சி.டி.யைத் தள்ளினேன்.

நாதஸ்வரம் எழுந்தது. திரையில் ஒரு தாமரை மொட்டு விரிந்தது. அதற்குள்ளிருந்து கிரேஸ் டீச்சர் சுழன்றுகொண்டே மேலே வந்தார். பிள்ளைகள் விசிலடித்தார்கள். அடக்க வேண்டிய ட்ரில் மாஸ்டரின் விசில் வாயிலேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அடுத்ததாகத் திரையில் இடது பக்கம் ஒரு இதயத்தில் டீச்சர், வலது பக்கம் ஒரு இதயத்தில் ட்ரில் மாஸ்டர். இரண்டும் மெல்ல நகர்ந்து வந்து ஒன்றாகின. மேலே ரோஜா இதழ் கொட்டியது.

ட்ரில் மாஸ்டர் எழுந்து நின்று, "நான் சும்மா பசங்களை அடக்கத்தான் நின்னேன் சார்" என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பாடம் ஆரம்பித்தது. "இந்த முக்கோணத்தை எல்லாரும் நல்லாப் பாருங்க" என்றது டீச்சர் குரல். திரையில் முன்பெஞ்சுப் பையன் பென்சில் கடித்தான். "இப்ப மேல் முனை வழியா, அடிக்கோட்டுக்கு இணையா ஒரு கோடு போடறேன்" என்றது குரல். திரையில் கனகாம்பரம்.

ஹாஜியார் தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, கோடு எங்க?"

"பின்னால இருக்குது ஹாஜியார்."

"எதுக்குப் பின்னால?"

"டீச்சர் தலைக்குப் பின்னால."

"முக்கோணம்?"

"அதுவும் அங்கதான்."

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் கைக்குட்டையை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று டீவி அந்தக் கைக்குட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது.

இதயத்தில் மாட்டிய அவமானத்தில், எதையாவது செய்து பேரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று ட்ரில் மாஸ்டருக்குத் தோன்றியிருக்க வேண்டும். விறுவிறுவென்று போய் சாக்பீஸை எடுத்தார். டீவி சொல்லச் சொல்லப் பலகையில் அவரே போட ஆரம்பித்தார். ஒரு முக்கோணம் வந்தது. கோட்டை அதற்குக் கீழே இழுத்தார்.

"சார், அங்க இல்ல சார்!" என்று வகுப்பே கத்தியது. "அது கபடிக் கோடு சார்! டீச்சர் மேல் முனைன்னாங்க!"

"மேலன்னா எவ்ளோ மேல?"

"உச்சி சார், உச்சி! மண்டையத் தொடணும்!"

ஒரு ரெட்டைச்சடை எழுந்து போய் அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக் கோடு போட்டது. "சத்தம் போடாதீங்கடா, டீச்சர் இன்னா சொல்றாங்கன்னு கேளு" என்றான் இன்னொருவன். அதற்கப்புறம் யாரும் திரையைப் பார்க்கவில்லை. (பாக்கறதுக்கு என் வேலையைத் தவிர அங்க ஒண்ணும் இல்ல.) எல்லோரும் காதைக் கொடுத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார்கள். இடது கோணம், வலது கோணம், மேலே மூன்றும் சேர்ந்து ஒரே நேர்கோடு. "ஆகவே நிரூபிக்கப்பட்டது" என்றது டீச்சர் குரல்.

உடனே கெட்டிமேளம் முழங்கியது. திரையில் அட்சதை பொழிந்தது.

ஹாஜியார் சிரித்தார். தாடி ஆட ஆடச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரிடம் சொன்னார்: "டீவில ஒரு மண்ணும் தெரியலம்மா. ஆனா புள்ளைங்க நீங்க சொல்றதைக் கேட்டு அவங்களே போட்டுட்டாங்க. சரக்கு நல்ல சரக்கு, பேக்கிங்தான் பேஜார். மீதி டீவி அனுப்பறேன். ஆனா அந்தக் கேமரா போர்டை வுட்டு நகரக் கூடாது."

டீச்சர் என்னை மாற்றவில்லை. ஆடியில் கிடைக்கிற ஒரே ஆள் நான். பதிலாக, மறுநாள் கேமரா ஸ்டாண்டைக் கரும்பலகைக்கு நேராக நிறுத்தி, ஹாஜியார் கம்பெனியிலிருந்து வந்த தோல் பட்டையால் டெஸ்க்கோடு இறுக்கிக் கட்டினார். அந்த ஆடி முழுக்க நான் பலகையையே பார்த்தேன். டீச்சர் முகம் குறுக்கே வந்தால், "டீச்சர், மறைக்கறீங்க" என்று சொல்லும் அளவுக்குத் தேறினேன். சி.டி.கள் நாலு பள்ளிக்கும் போயின. டேனரி தெருப் பிள்ளைகள் வருஷக் கடைசியில் பரீட்சை எழுதினார்கள். சிலர் பாஸ், சிலர் ஃபெயில். கணக்கு வாத்தியார் இருக்கிற பள்ளிக்கூடத்தில் ஆகிற மாதிரியேதான் ஆனது.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஆடி முடிந்த கையோடு ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தம் என் மச்சான் குமாருக்கு, அதாவது என் சம்சாரத்தின் தம்பிக்கு. சொந்தக் கல்யாணம், ஓசி வீடியோ. மேடையில் மணமக்களுக்குப் பின்னால், 'குமார் வெட்ஸ் சுமதி' என்று தெர்மோகோலில் எழுதிப் பெரிய போர்டு வைத்திருந்தார்கள். கண் அதில் போய் ஒட்டியது. என் வாழ்க்கையிலேயே ஒழுங்காக ஒட்டியது அது ஒன்றுதான்.

கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை விழுந்தது. எல்லாம் சத்தமாகக் கேட்கிறது அந்த சி.டி.யில். படத்தில் கடைசி வரைக்கும் போர்டு மட்டும், எழுத்து ஒன்றுகூடக் கலங்காமல், நட்ட நடுவில் நிற்கிறது. ஓரத்தில் யாரோ ஒருவரின் மாலை எட்டிப் பார்த்தபோது, "மறைக்கறீங்க" என்று என் குரல் வேறு.

குமார் வீட்டில் இன்றைக்கும் சண்டை வந்தால் சுமதி பெட்டியை எடுத்துவிடும். "நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன். இந்தாளு எனக்குத் தாலி கட்டினதுக்கு இன்னா சாட்சி? சி.டி.யைப் போட்டுப் பாருங்க!"

குமார் உடனே எனக்குத்தான் போன் செய்வான். நான் போய்த்தான் சமாதானம் செய்ய வேண்டும். வாசலிலேயே சுமதி தண்ணி கொடுத்துக்கொண்டே கேட்கும்:

"வாங்கண்ணா. மூஞ்சி தெரியுதா, இல்ல போர்டு எழுதி மாட்டட்டுமா?"