ஓட்டை வழியே படித்தவர்

திருச்சியில் பூச்சிகளுக்கு ஓட்டுரிமை இருந்திருந்தால், எங்கள் பைண்டிங் வகுப்பிலிருந்த ஒருவர் போட்டியில்லாமல் முனிசிபல் சேர்மன் ஆகியிருப்பார். அவரைப் பூச்சி சார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். வாரத்தில் ஆறு நாள் அரசாங்க நெல் கிடங்கில் மருந்து அடித்துப் பூச்சிகளைக் கொல்வது அவருடைய உத்தியோகம். ஏழாவது நாள் அந்தப் பாவத்தைக் கழிப்பதுபோல, புத்தகம் தின்னும் பூச்சிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில், காகிதக் கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. கடைக்காரர் காதர் பாய்தான் பைண்டிங்கும் பழைய புத்தகங்களைச் செப்பனிடுவதும் சொல்லிக்கொடுப்பார். அவருக்கும் என்னைப் போல முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். மாணவர்கள் ஆறு பேர், எல்லோரும் குடும்பஸ்தர்கள். நான் தந்தி ஆபீஸ் குமாஸ்தா. ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் போய் வருவேன்.

முதல் நாளே தகராறு. பசை காய்ச்சும்போது பாய் அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டார்.

"துத்தம் போட்டா பூச்சி செத்துடும் பாய்" என்றார் பூச்சி சார்.

"அதுக்குத்தான் சார் போடுறேன்."

"அது எங்கேருந்து வந்துச்சு, எத்தனை நாளா இருக்குன்னு ஒண்ணும் விசாரிக்காமலேயா?"

பாய் ஒரு நிமிஷம் அவரையே பார்த்துவிட்டு, இன்னொரு சிட்டிகை போட்டார்.

மற்றவர்கள் தையல் பழகும்போது பூச்சி சார் ஓட்டை விழுந்த தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆறு வாரத்தில் அவர் ஒரு நோட்டுக்கூடத் தைத்து முடிக்கவில்லை. நாங்கள் அவரைச் சகித்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஏழாவது வாரம் நான் ஒரு அசட்டுத் துணிச்சல் செய்தேன். என் மாமனாரிடம் ஒரு பழைய வியாக்கியானப் புத்தகம் இருந்தது. கிரந்த எழுத்தில் அச்சானது. அவருடைய பாட்டனார் கைப்பட ஓரங்களில் குறிப்பு எழுதியிருந்தார். அட்டை கழன்று, நூல் அறுந்து, ஏடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. நான் செப்பனிட்டுத் தருகிறேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

மாமனார் உடனே கொடுக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"செவ்வாய்க்கிழமை ஆடிப்பூரம். அன்னிக்குக் கார்த்தால பெருமாள் முன்னாடி நான் இதை வாசிச்சுச் சேவிச்சாகணும். ஒரு ஏடு தவறினாலும் பெருமாள் க்ஷமிச்சுடுவார், மாப்பிள்ளை. நான் க்ஷமிக்க மாட்டேன்."

பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு ஏட்டிலும் பென்சிலால் எண் போட வேண்டும் என்பது பாய் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அச்சிட்ட எண்கள் மூலைகளோடு சேர்ந்து எப்போதோ பொடிந்துபோயிருந்தன. ஆனால் ஞாயிறு வகுப்பில், அவசரத்தில் நான் ஏடுகளை எண்ணி மட்டும் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. வரிசையாகத்தானே அடுக்கப் போகிறோம், எண் எதற்கு என்று நினைத்துவிட்டேன். பழைய பசையை ஈரத்துணியால் துடைத்து, ஏடுகளை வரிசை வரிசையாகத் தரையில் உலரப் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து முதல் வரிசையிலிருந்து சிறு வண்டு ஒன்று ஊர்ந்து வந்தது. பூச்சி சார் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, நன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஜன்னலைத் திறந்தார்.

ஆடி மாதத்தில் காவிரிப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் என்ன ஆகும் என்பது திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். ஒரே வீச்சு. இருநூற்றுப் பன்னிரண்டு ஏடுகளும் எழுந்தன. பாதி சுவரில் மோதின, சில மாடிப்படியில் இறங்கின, ஏழெட்டு சந்துக்கே போய்விட்டன. நான் கீழே ஓடினேன். ஜவுளிக் கடைப் படியில் ஒன்று, பூக்காரம்மா கூடையில் ஒன்று என்று பொறுக்கிக்கொண்டு மேலே வந்தேன்.

எண்ணினோம். இருநூற்றுப் பதினொன்று.

"படிச்சுப் பாத்து அடுக்குங்க சார்" என்றார் பாய்.

"எனக்குக் கிரந்தம் வராது" என்றேன். அதைச் சொல்லும்போது என் தாத்தாக்களெல்லாம் பார்ப்பது போலிருந்தது. அந்த அறையில் யாருக்குமே வராது.

"யா அல்லா" என்று பாய் மெதுவாக உட்கார்ந்தார். நான் பூச்சி சாரைப் பார்த்த பார்வையில் அவர் எரிந்திருக்க வேண்டும். அவரோ மூலையில் பசைச் சட்டிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு, கையிலிருந்த ஏட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. நமக்குத்தான் இதைப் படிக்கத் தெரியாது. இந்தப் பூச்சி அட்டையிலேருந்து அட்டை வரைக்கும் வரிசையாப் போயிருக்கு. அது ஒரு ஏட்டையும் தாண்டிக் குதிக்காது. ஓட்டை ஒவ்வொரு ஏட்டுலயும் ஒரு மயிரிழை தள்ளி இருக்கும் பாருங்க."

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, ஓட்டையில் விட்டுப் பார்த்தார். அடுத்த ஏட்டை வைத்தார். பொருந்தவில்லை. வேறொன்றை வைத்தார். பொருந்தியது. பாயும் மற்ற ஐந்து பேரும் எடுத்துக் கொடுத்தோம். அவர் அசையவே இல்லை. மதியத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் பாய் தொழுதுவிட்டு வந்தார். யாரும் சாப்பிடப் போகவில்லை. மூன்று மணிக்குத் தொண்ணூறு ஏடு சேர்ந்தது. ஐந்து மணிக்கு அடுக்கு முடிந்தது.

"நூத்தி முப்பதுக்கு அப்புறம் ஓட்டை ரெண்டு இழை தள்ளியிருக்கு. காணாத ஏடு இங்கேதான் வரணும்" என்று சொல்லிவிட்டுப் பூச்சி சார், மூலையில் உட்கார்ந்ததிலிருந்து முதல் தடவையாக எழுந்து நின்றார்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது ஏடு அவர் வேட்டியின் பின்பக்கத்தில் பசையோடு ஒட்டியிருந்தது. அவ்வளவு நேரமும் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. பாய் அவரை அப்படியே நிற்கவைத்து, வெந்நீர்த் துணியை ஒற்றி ஒற்றி அரை மணி நேரம் அந்த ஏட்டை உரித்தார். கிழியவில்லை. திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். பாயும் நானும் தைத்து அட்டை போட்டு முடித்தோம்.

ஆடிப்பூரத்தன்று மாமனார் புத்தகத்தைப் பிரித்தார். நான் தூண் ஓரம் நின்றேன். ஒவ்வொரு ஏடு புரளும்போதும் நானும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினார். ஒரு ஏட்டைப் புரட்டினார், திரும்பி வந்தார், மறுபடி முன்னே போனார்.

"மாப்பிள்ளை, இங்கே வாங்கோ."

போனேன்.

"பாட்டனார் காலத்து பைண்டர் இந்த இடத்துல ரெண்டு ஏட்டை மாத்தித் தைச்சுட்டான். நாப்பது வருஷமா நான் இங்கே முன்னே போயி, பின்னே வந்துதான் சேவிக்கறேன். அந்தத் தப்புகூட அப்படியே இருக்கு. யார் அடுக்கினா?"

பைண்டர் தைத்த வரிசையிலேயே பூச்சி துளைத்துப் போனதையும், அந்த ஓட்டையை வைத்துப் பூச்சி சார் அடுக்கியதையும் சொல்லிவிட்டேன், வேட்டி விஷயம் உட்பட. மாமனார் அந்த இரண்டு ஏடுகளின் ஓட்டையையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அவரை ஒருநாள் ஆத்துக்கு அழைச்சிண்டு வாங்கோ" என்றார்.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்து அழைத்துவந்தேன். பூச்சி சார் கூடத்தில் புத்தகத்தின் முன்னால் கைகட்டி நின்று, தான் உட்கார்ந்த ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மாமனார் அதை வாசித்து அர்த்தம் சொன்னார். கேட்டு முடித்ததும் பூச்சி சார், "மன்னிச்சுக்குங்க" என்றார், மாமனாரிடமா ஏட்டிடமா என்று தெரியாத குரலில்.

மறு மாதமே அவரை வேறு ஊர்க் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஜங்ஷனுக்குப் போய் வழியனுப்பினேன். வகுப்பில் இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி இருந்தது. பாய் சொல்லியனுப்பியும், பூச்சி சார் நிற்காத அந்த ஜன்னலைப் பார்க்க மனமில்லாமல் நான் போகவில்லை.