தீப்பிடித்தால் சாவியை விடாதே

எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு மறுபடி செத்தது.

கார்பின் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று பத்து. பன்னிரண்டு மணிக்கு ஏரிக்கு மேலே பறந்தாக வேண்டும். உறைந்த ஏரியின் நடுவில் மேரனின் பெற்றோர் அண்ணாந்து நின்றுகொண்டிருப்பார்கள். ஜனவரி மாத வடக்கு மினசோட்டாக் குளிரில் யாராலும் அப்படி அதிக நேரம் நிற்க முடியாது.

மேரன் பக்கத்து இருக்கையில் இருந்தாள். தகர டப்பாவில், இடுப்பு வார் போட்டு. தன் சாம்பலைத் தன் விமானத்திலிருந்துதான் தூவ வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாள். கணவனிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

விமானம் மூக்கு முதல் வால் வரை பனி படிந்து வெள்ளையாக இருந்தது. அவள் நோயில் விழுந்த பிறகு கார்பின் அதில் ஏறியதில்லை. அந்த ஓடுபாதையில் எல்லோருடைய வழக்கமும் போல, சாவி உள்ளேயே தொங்கியது.

"எத்தனை தடவை எஞ்சினுக்குப் பெட்ரோல் பம்ப் அடிச்சே?"

காபிக் குவளையோடு வெர்லின் வந்து நின்றார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடமும் இதே ரகத்தில் ஒரு விமானம் உண்டு. எல்லோருக்கும் சொல்ல ஆலோசனையும் உண்டு.

"மூணு."

"இந்தக் குளிருக்கு மூணா? எட்டு அடி."

எட்டு அடித்தான். எஞ்சின் இருமக்கூட இல்லை.

"இப்ப த்ராட்டில் கைப்பிடியை முன்னும் பின்னும் குத்து. குத்தச் சொன்னேன் தம்பி, தடவச் சொல்லல."

குத்திவிட்டுச் சாவியைத் திருப்பினான். 'டப்' என்றது. மூக்குக்கு அடியில் மஞ்சளாக ஒரு தீநாக்கு எட்டிப் பார்த்தது.

என்ன செய்வதென்று கார்பினுக்குத் தெரியும். மேரன் சொல்லிக்கொடுத்தது. தீப்பிடித்தால் சாவியை விடாதே. எரிபொருளை மூடிவிட்டு, சாவியைத் திருப்பி எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இரு. எஞ்சின் தன் தீயைத் தானே விழுங்கிவிடும்.

சுற்றினான். தீ உள்ளே போகத் தொடங்கியது.

வெர்லின் கதவைத் திறந்து அவன் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"விடுங்க! சுத்தணும்!"

"செத்துடுவேடா, மடையா!"

தீ வெளியே வந்தது. கார்பின் மறுபடி உள்ளே பாய்ந்து மேரனை எடுத்துக்கொண்டு வந்து பனியில் வைத்தான்.

வெர்லின் தன் வண்டியிலிருந்து தீயணைப்பானைத் தூக்கி வந்தார். அது ஒரு ஏப்பம் விட்டு நின்றது.

"எந்த வருஷத்தது?"

"அது எதுக்கு உனக்கு? மண்வெட்டிய எடு."

இருவரும் பனியை வாரி அடித்தார்கள். தீ சீறியது, தணியவில்லை.

"உள்ள புகையுது. கண்ணாடிய ஒடைச்சாத்தான் பனியக் கொட்ட முடியும்," என்று சொல்லிக்கொண்டே வெர்லின் உடைத்தார். காற்று உள்ளே புகுந்தது. இருக்கைகள் பற்றிக்கொண்டன.

அதன் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. தள்ளி நின்று பார்த்தார்கள்.

"செத்தவங்களப் பத்திச் சொல்லக் கூடாது," என்றார் வெர்லின். "ஆனா எரியறதப் பார்த்தாலே வெச்சிருந்தவங்க லட்சணம் தெரியுது. எல்லாக் குழாயும் ஒழுகுது."

"மாசாமாசம் அவளே எண்ணெய் மாத்துவா, வெர்லின்."

"மாத்தியிருப்பா. கவனம் வேற தம்பி. சிலருக்கு விமானமே குடுக்கக் கூடாது."

கார்பின் கையுறையைக் கழற்றினான். மாமியாரை அழைக்க ஃபோனை எடுத்தான். மேரன் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் எரித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஃபோனைத் திரும்பப் பையில் போட்டான். ஒரு இறக்கை மெதுவாக மடங்கித் தரையைத் தொட்டது.

ஓடுபாதையின் மறுகோடியிலிருந்து மெக்கானிக் லோயிஸ் வந்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே தீயைப் பார்த்தாள். பிறகு இருவரையும் பார்த்தாள்.

"கார்பின், எஞ்சின் சூடா இருக்கட்டும்னு மேரன் விமானத்தை நேத்தே என் கொட்டகைக்குள்ள தள்ளி ஹீட்டர் போட்டு வெச்சிருக்கேன். அதுக்கு இடம் பண்ண, ரிப்பேருக்கு வந்த வெர்லினோட விமானத்தை மேரனோட இடத்துல நிறுத்தினேன். அதை ரெண்டு பேரும் சேர்ந்து எதுக்கு எரிக்கறீங்க?"